தோள் கிழிந்தவரை நம்பலாமா?

அமெரிக்கக் கால்பந்தில் அணியின் மூளை குவார்ட்டர்பேக்தான். எதிரணியினர் பாய்ந்து வரும் இரண்டு மூன்று நொடிக்குள், பந்தை யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர் அவர். அந்த இடத்துக்குப் புதியவர் வந்தால் ரசிகர்களுக்குள் வாக்குவாதம் மூளாமல் இருக்குமா?

2006 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸை ஒப்பந்தம் செய்தது. பந்து எறியும் வலத் தோளிலேயே தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவரை எடுக்க யோசித்த மயாமி அணியின் மருத்துவர்கள், அந்தத் தோள் தேறுமா என்று சந்தேகப்பட்டார்கள். அந்த அணி வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது. நியூ ஆர்லியன்ஸோ கத்ரீனா புயலில் மூழ்கி எழுந்த ஊர். முந்தைய பருவத்தில் செயின்ட்ஸுக்கு 16 ஆட்டங்களில் மூன்றே வெற்றி.

சந்தேகப்பட்டவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனாலும், ஆடவிட்டுப் பார்க்காமல் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. முதல் பருவத்திலேயே பிரீஸ் 4,418 கெஜ தூரம் எறிந்து லீகில் முதலிடம் பிடித்தார். அணிக்கு 10 வெற்றிகள்.

2010 பிப்ரவரியில் செயின்ட்ஸ் முதன்முறையாக லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்றது. எறிந்த 39 பந்துகளில் 32-ஐச் சரியாகச் சேர்த்த பிரீஸ்தான் ஆட்டநாயகன். ஆட்டம் நடந்தது மயாமி அணியின் சொந்த மைதானத்தில்.