திருடனுக்கும் தீக்கும் தப்பும் பெட்டகம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமைக்கு 1791-ஆம் ஆண்டிலேயே அரசியல் சாசனத் திருத்தமொன்று இடமளித்துவிட்டபடியால், வேட்டைக்கென்றும் தற்காப்புக்கென்றும் வாங்கப்பட்ட துப்பாக்கிகள் அந்நாட்டுக் கோடிக்கணக்கான இல்லங்களில் இன்றும் இருந்து வருகின்றன. அவற்றைக் குழந்தையின் கைக்கும், திருடனின் கைக்கும், தீயின் நாவுக்கும் எட்டாமல் காப்பது எப்படி என்பது அங்கே செல்வந்தரைவிடச் சாமானியரையே அதிகமாக வருத்துகிற பிரச்சினை. விலை உயர்ந்த பெட்டகம் வாங்க இயலாதவரிடமும் துப்பாக்கி இருக்கத்தான் செய்கிறது.

மூன்றிலும் முதலாவதாகக் கருதத்தக்கது குழந்தையின் பாதுகாப்பே. அதிர்ஷ்டவசமாக அதற்குத்தான் மிகக் குறைந்த செலவும் ஆகிறது. உரிமம் பெற்ற வியாபாரி எவரும் பூட்டுச் சாதனமின்றிக் கைத்துப்பாக்கியை விற்கலாகாது என்று 2005-இல் மத்திய அரசு சட்டம் செய்தது. தோட்டா புகும் வாயில் வழியே உறையிட்ட எஃகு வடமொன்றைச் செலுத்திப் பூட்டிவிட்டால் துப்பாக்கி சுடும் நிலைக்கே வராது. இத்தகைய பூட்டுகளைப் பல ஊர்களில் காவல் நிலையங்களே இலவசமாக வழங்குகின்றன. துப்பாக்கியினின்று தோட்டாவை நீக்கி, அதை வேறிடத்தில் பூட்டி, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாத பெற்றோர் எத்தனை கனமான பெட்டகம் வாங்கினும் பயனில்லை.

திருடன் விஷயம் வேறு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெட்டகங்களின் எஃகுத் தகடு பெரும்பாலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனமே உடையது. அண்டர்ரைட்டர்ஸ் லெபாரட்டரீஸ் என்னும் சோதனை நிறுவனம் இல்லப் பெட்டகங்களுக்கு வழங்கும் ஆரம்ப நிலைச் சான்றோ, கைக்கருவிகளைக் கொண்டு 5 நிமிஷம் தாக்கியும் கதவு திறக்கவில்லை என்பதையே குறிக்கும். ஆயினும் பெட்டகம் எதனால் ஆனது என்பதைக் காட்டிலும் எங்கே, எப்படி நிற்கிறது என்பதே முக்கியமென்பது என் துணிபு. தரையோடு பிணைக்காத பெட்டகத்தை மல்லாக்கச் சாய்த்துவிட்டால், கடப்பாரையின்மேல் தன் உடற்பாரம் முழுவதையும் ஏற்றி நெம்பக் கள்வனுக்கு வசதியாகிவிடுகிறது. பெட்டகத்தையே தூக்கிக்கொண்டு போய் ஆற அமர உடைப்பதும் உண்டு. கான்கிரீட் தரையில் துளையிட்டு நான்கு கனத்த போல்ட்டுகளால் இறுக்கி, கடப்பாரையை வீசி நெம்ப இடமில்லாதபடி கதவின் திறக்கும் பக்கம் சுவரை ஒட்டியிருக்குமாறு மூலையில் நிறுத்திவிட்டால், அற்பச் செலவில் அதன் பலம் பன்மடங்காகிறது.

இனித் தீ. எஃகு திருடனைத் தடுக்குமேயன்றி வெப்பத்தைத் தடுக்காது. விரைவில் சூடேறி உள்ளே கடத்திவிடும். வெப்பத்தை எதிர்ப்பதற்கு வீட்டுச் சுவர்களில் பதிக்கும் ஜிப்சம் பலகையே ஏழையின் துணை. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீர் படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. வெப்பம் தாக்கும்போது அந்நீர் ஆவியாகிப் பிரியுமளவும் பலகையின் மறுபுறம் அதிகம் சூடேறுவதில்லை. பெட்டகத்தைச் சிறு அறையொன்றில் நிறுத்தி, கண்ணாடி இழை சேர்ந்த ‘எக்ஸ்’ வகைப் பலகையை, 16 மில்லிமீட்டர் கனத்தில், அவ்வறையின் சுவரிலும் கூரையிலும் இரண்டு அடுக்காகப் பதித்து, உள்ளீடற்ற கதவை மாற்றிக் கெட்டி மரக்கதவு பொருத்துவது, பெட்டகத்துக்குள்ளேயே பலகை திணிப்பதைவிட மேலானது. உள்ளே பதித்த பலகை விடும் நீராவி ஆயுதங்களைத் துருப்பிடிக்கச் செய்யும், தீயில்லாத நாட்களிலும் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எங்கே வைத்தாலும் சிலிக்கா ஜெல் பொட்டலமோ, மெல்லச் சூடேறும் மின்தண்டோ உள்ளே இருப்பது நலம்.

மாடியில் வைத்த கனத்த பெட்டகம் எரிந்த தளத்தோடு கீழே விழுந்து பிளக்கக்கூடும். நிலவறை அனலினின்று சற்று விலகியதே. ஆனால் தீயணைப்போர் பாய்ச்சும் நீர் அங்கேதான் தேங்குமாதலால், பெட்டகத்துக்குக் கீழே சில அங்குல உயரத்தில் கான்கிரீட் மேடை கட்டி, அதனோடு சேர்த்தே போல்ட்டு இறுக்குவது உசிதம்.

தாமே தோட்டா தயாரிப்பவர்கள் வைத்திருக்கும் வெடிமருந்துக்கு மட்டும் இந்த நியாயம் தலைகீழாகிறது. அதை எஃகுப் பெட்டகத்தில் அடைத்தால், எரியும் வாயு வெளியேற வழியின்றி அழுத்தம் பெருகிப் பெட்டகமே குண்டாகிவிடும். ஆகவே 25 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையால் செய்த மரப்பெட்டியில், அழுத்தம் ஏறுமுன் வாயு வெளியேறும்படி, அடுப்புக்கும் மின்கருவிகளுக்கும் எட்டாத குளிர்ந்த இடத்தில் பூட்டி வைப்பதே முறை.