டான்சில் ஆபரேஷன்: புதிய கருவி என்றால் ஆபத்து குறைவா?

பிள்ளைக்கு டான்சில் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், "லேசரா, கத்தியா?" என்றுதான் பலரும் முதலில் கேட்கிறோம். புதிய கருவி என்றால் ஆபத்து குறைவு என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். பிரிட்டனில் கிடைத்த அனுபவம் வேறு.

அங்கே 'பைத்தியக்கார மாட்டு நோய்' மனிதர்களுக்கும் வந்த காலம். அறுவைக் கருவிகள் வழியே அது பரவக்கூடும் என்ற அச்சத்தால், 2001-ல் டான்சிலுக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கருவிகளைக் கட்டாயமாக்கினார்கள். இரத்தப்போக்குப் புகார்கள் கூடின. அந்த ஆண்டு முடிவதற்குள் இங்கிலாந்தில் பழைய கருவிகளையே மீண்டும் அனுமதித்தார்கள்.

பிறகு 2003-04-ல் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் சுமார் 34,000 நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். மொத்தத்தில் 3.5 சதவீதம் பேருக்கு ஆபரேஷனுக்குப் பின் இரத்தம் வந்தது. எஃகுக் கருவியால் டான்சிலைப் பிரித்து, இரத்தக் குழாயை நூலால் கட்டும் பழைய முறையில் இது மிகக் குறைவு. மின்சாரத்தால் சுட்டு எடுக்கும் டயதெர்மியிலும், உப்புநீரும் மின் அலையும் கொண்டு எடுக்கும் கோப்ளேஷனிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு.

காரணம் விளங்காத ஒன்றல்ல. சூடு, இரத்தக் குழாயை அப்போதைக்கு அடைத்துவிடும். ஆபரேஷன் மேஜையில் இரத்தமே இருக்காது. ஆனால் வெந்த சதை சில நாளில் உதிரும்போது குழாய் திறந்துகொள்ளலாம்.

இதற்காகப் புதிய முறைகளை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கோப்ளேஷன் அன்று பல டாக்டர்களுக்குப் புதிது. கை பழகியவர்களிடம் முடிவு நன்றாக இருப்பதைப் பின்னால் வந்த சில ஆய்வுகள் காட்டின. குறட்டையும் மூச்சடைப்பும் உள்ள சிறு பிள்ளைகளுக்கு, டான்சிலின் மேலுறையை விட்டுவிட்டு உள்பகுதியை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு. வலியும் இரத்தப்போக்கும் அதில் குறைவு. சிலருக்கு மறுபடி வளரலாம்.

ஆகவே கருவியின் பெயரைவிட, "டாக்டர், உங்கள் கைக்குப் பழகிய முறை எது? அதில் எத்தனை பேர் இரத்தப்போக்கோடு திரும்பி வந்தார்கள்?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரைதான் கூடுதல் கவனம் தேவை. தொண்டையில் வெள்ளைப் படலம் தெரிவது இயல்பு. ஆனால் தூங்கும் பிள்ளை அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தால், அது இரத்தமாக இருக்கலாம். விளக்கைப் போட்டு வாயைப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் விடியும்வரை காத்திராமல் ஆபரேஷன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.