கொண்டல் என்னும் சொல்

கடலோடுவார் வழக்கில் காற்றின் பெயர், அது செல்லும் திசையைக் குறிப்பதன்று. தோன்றிவரும் திசையையே குறிக்கும். வடக்கினின்று வருவது வாடை. தெற்கினின்று வருவது தென்றல். இவ்விரண்டும் திசைப்பெயரோடு இயைந்தவை. மேல்காற்றாகிய கோடையும் கீழ்காற்றாகிய கொண்டலும் அவ்வாறல்ல. கோடை வெப்பப் பருவத்திற்கும் பெயர். கொண்டல் முகிலுக்கும் பெயர். இதன் காரணம் நிலத்தின் இயல்பில் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்திறங்கும் காற்று ஈரம் குன்றி வெம்மையுறுகின்றது. வங்கக் கடல்மீது வரும் காற்றோ நீராவியைக் கொண்டுவருகின்றது. 'கொள்' என்னும் அடி ஈண்டு நோக்கத்தக்கது. ஆதலின், நெய்தற் பாடல்களில் கொண்டல் வருமிடத்து, உடன்வரும் வினையை ஆராயாது முகில் எனப் பொருள்கோடல் பொருந்தாது. கீழைக் கடலில் கலத்தைக் கரைநோக்கி உந்துவதாயின் அது காற்று, பொழிவதாயின் முகில்.