கூட்டாளி பின்தங்கினால் ஒரு மணி நேரம் போச்சு

தென்னாப்பிரிக்காவில் நடக்கும் கேப் எபிக் மலைச் சைக்கிள் பந்தயத்துக்குத் தனி ஆளாகப் பெயர் கொடுக்க முடியாது. ஜோடியாக வர வேண்டும், ஜோடியாகவே முடிக்க வேண்டும். வழியில் நேரம் குறிக்கும் இடங்களையும் எல்லைக்கோட்டையும் இருவரும் இரண்டு நிமிட இடைவெளிக்குள் கடந்தாக வேண்டும். தவறினால் அணியின் கணக்கில் ஒரு மணி நேரத்தைத் தண்டனையாகக் கூட்டிவிடுவார்கள். திரும்பத் திரும்ப மீறினால் வெளியேற்றம்தான்.

எட்டு நாளும் இதுதான் கதை. முதல் நாள் குறுகிய முன்னோட்டச் சுற்று. அடுத்த ஏழு நாளும் நாளொரு கட்டம். பாதை ஆண்டுதோறும் மாறும். பொதுவாக மொத்தத் தூரம் 600 முதல் 700 கிலோமீட்டர். ஏறிய ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் 15,000 மீட்டரை நெருங்கும், சில ஆண்டுகளில் தாண்டும். கடல்மட்டத்திலிருந்து எவரெஸ்ட் உச்சியைத் தொட்டு, கீழே வந்து, மறுபடி பாதிக்கு மேல் ஏறிய கணக்கு அது.

கெவின் வெர்மாக் என்பவர் கோஸ்டாரிகாவின் ‘லா ரூத்தா’ பந்தயத்தில் ஓட்டிவிட்டு, அப்படி ஒன்றைத் தன் நாட்டிலும் நடத்த ஆசைப்பட்டார். 2004-ல் நைஸ்னா என்ற கடலோர ஊரிலிருந்து முதல் பந்தயம் கிளம்பியது. இன்று மார்ச் மாதம் வந்தால் சுமார் 600 ஜோடிகள் வந்து குவிகின்றன. ஒலிம்பிக் பதக்கக்காரர்களும், அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்களும் ஒரே பாதையில்தான் ஓட்டுகிறார்கள். 2020-ல் கொரோனா குறுக்கே வந்தது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு பந்தயம் ரத்தானது.

ஜோடி விதி கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஒருவர் எவ்வளவு வேகமாகப் போனாலும், அணியின் நேரம் என்பது பின்னால் வருகிறவரின் நேரம்தான். அதனால் ஏற்றத்தில் தெம்புள்ளவர் கூட்டாளியின் முதுகில் ஒரு கையை வைத்துத் தள்ளிக்கொண்டே பெடல் மிதிப்பதைப் பார்க்கலாம். எதிர்காற்று வீசினால் அவரே முன்னால் போய் காற்றை வாங்கிக்கொள்வார். மறுநாள் நிலைமை தலைகீழாகவும் மாறலாம். வாயே திறக்காமல் வருகிற கூட்டாளி களைத்துப்போயிருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா என்று கண்டுபிடிப்பது தனித் திறமை. ஆண், பெண் கலப்புப் பிரிவும் உண்டு. அதில் கணவன் மனைவியாகவே வருகிறவர்களும் இருக்கிறார்கள். துணிச்சல்காரர்கள்!

வெஸ்டர்ன் கேப் மாகாணத்தின் திராட்சைத் தோட்டங்கள் புகைப்படத்தில் அழகாகத் தெரியும். சக்கரத்துக்கு அடியில் இருப்பது மணலும், உருளும் சரளையும், கத்தி முனைபோன்ற கற்களும். இங்கே ஓட்டும் சைக்கிள்களின் டயருக்குள் பெரும்பாலும் ட்யூப் கிடையாது; பால் போன்ற ஒரு திரவத்தை ஊற்றியிருப்பார்கள். சிறு துளை விழுந்தால், சுழலும் சக்கரத்துக்குள் திரவம் துளைக்கு ஓடி, உறைந்து அடைத்துக்கொள்ளும். காலில் நாலு வெள்ளைத் துளி தெறிக்கும்போதுதான் ஓட்டுகிறவருக்கே விஷயம் தெரியும். கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டால் இந்த வைத்தியம் பலிக்காது. இறங்கி, பிசுபிசுப்பான ரப்பர் திரியை ஊசியால் கிழிசலுக்குள் குத்திச் செருகி, விரலளவு கேஸ் குப்பியால் காற்றடைக்க வேண்டும். அதுவரை கூட்டாளி ஓரமாக நிற்பார். முன்னால் போய் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

மாலையில் முகாம். சிவப்புக் கூடாரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். பக்கத்துக் கூடாரத்தின் குறட்டை இலவசம். சைக்கிளைக் கழுவி, பழுது பார்த்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, இருட்டியதும் படுத்தால்தான் விடியும் முன் எழ முடியும். மூன்று நான்கு நாளில், தெம்புக்காக வழியில் உறிஞ்சும் இனிப்பு ஜெல்களைக் கண்டாலே குமட்டும். வழியில் உணவும் தண்ணீரும் தருமிடங்களில் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு மவுசு கூடிவிடும். வியர்வை, தூசி, உராய்வு மூன்றும் சேர்ந்து உட்காருமிடத்தைப் புண்ணாக்கும். சைக்கிள் கால்சட்டைக்குள் தடவும் கிரீமை மறந்து வந்தவருக்கு ஏற்றம் இறக்கம் எல்லாம் ஒன்றுதான்.

கார்பன் சைக்கிளும் நுழைவுக் கட்டணமும் சேர்ந்து இதைப் பணம் உள்ளவர்களின் விளையாட்டாக வைத்திருக்கின்றன என்ற குறையில் நியாயம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் சைக்கிள் வீரர் கிறிஸ்டோஃப் சௌசர் அதற்குத் தன்னால் ஆனதைச் செய்தார்: ஸ்டெல்லன்போஷ் அருகே கயமண்டி குடியிருப்பில் சிறுவர்களுக்குச் சைக்கிளும் படிப்பும் தரும் ஓர் அமைப்பைத் தொடங்குவதில் பங்கெடுத்தார்.

அந்தச் சௌசர் 2011-லும் 2012-லும் பரி ஸ்டாண்டர் என்ற இளைஞரோடு சேர்ந்து கேப் எபிக்கை வென்றார். ஆண்கள் பிரிவில் பட்டம் வென்ற முதல் தென்னாப்பிரிக்கர் ஸ்டாண்டர். லண்டன் ஒலிம்பிக்கில் ஐந்தாவதாக வந்தவர். 2013 ஜனவரியில் பயிற்சிக்குப் போனபோது மினிபஸ் டாக்ஸி மோதி இறந்தார். வயது 25. பந்தயத்துக்கு இரண்டரை மாதம்கூட இல்லை. லண்டனில் தங்கம் வென்ற செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹவியைத் துணையாகச் சேர்த்துக்கொண்டு சௌசர் களமிறங்கி வென்றார். 2015-ல் இருவரும் மறுபடி வென்றபோது அது சௌசரின் ஐந்தாவது பட்டம்.

ஜெர்மனியின் கார்ல் பிளாட்டும் 2016-ல் ஐந்தைத் தொட்டார். பெண்கள் பிரிவில் டென்மார்க்கின் அன்னிகா லாங்வாட் 2019-ல் அதே எண்ணிக்கையை எட்டினார். மூவரின் பட்டியலையும் பிரித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம்: ஐந்து வெற்றிக்கும் ஒவ்வொருவருக்கும் தேவைப்பட்ட கூட்டாளிகள் மூன்று பேர்.