கையொப்பத்துக்குப் பின் ஒரு வாரம்

ஆயுள் காப்பீட்டுப் பாலிசி ஒன்றை எடுத்த ஒருவர், வீட்டில் அமர்ந்து அதன் நிபந்தனைகளை நிதானமாகப் படித்துப் பார்த்து, இது நமக்கு ஏற்றதல்ல என்று கருதுவாரானால், பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நம் நாட்டு விதிகள் அவகாசம் அளித்திருக்கின்றன. ஆனால், ஆயுள் முழுவதும் சேர்த்த பொருளையும் இருபது ஆண்டுக் கடனையும் ஒன்றுதிரட்டி மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ ஒரு வீட்டுக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும் குடும்பத்துக்கு, மறுநாள் காலையில் மனம் மாறுவதற்கு எந்தச் சட்டமும் ஒரு நாள்கூட அவகாசம் தரவில்லை. பெரும்பாலோர் இந்த விஷயத்தை அறிவது, முன்பணம் கைமாறிய பின்புதான்.

நம்மவர் குடியேறி வாழும் தேசங்களில் நிலைமை வேறு. டொராண்டோ நகரில் கட்டுமான நிறுவனத்திடமிருந்து புதிய அடுக்குமாடி வீடு வாங்கும் தமிழர், ஒப்பந்தமும் விவர அறிக்கையும் கைக்கு வந்த 10 நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமலே விலகிக்கொண்டு, கட்டிய பணம் முழுவதையும் பெற்றுவிடலாம். அது ஒன்டாரியோ மாகாணத்தின் சட்டம். சிட்னியில் வீடு வாங்குபவருக்கு 5 வேலை நாட்கள் உண்டு. விலகினால் விலையில் 0.25 சதவீதத்தை மட்டும் இழக்கிறார். சிங்கப்பூரில் புதிய வீட்டுக்கு 5 சதவீதம் கட்டி உரிமை பெற்றவர், ஒப்பந்த நகல் வந்து மூன்று வாரத்துக்குள் கையொப்பமிடாமல் விட்டால், கட்டியதில் கால் பங்கு போகும், முக்கால் பங்கு திரும்பும். ஒன்றரைக் கோடி ரூபாய் வீட்டைக் கொண்டு கணக்கிட்டால், சிட்னி முறையில் போவது 37,500 ரூபாய், சிங்கப்பூர் முறையில் 1,87,500 ரூபாய். (சிட்னியிலும் ஏலத்தில் எடுத்த வீட்டுக்கு இந்த அவகாசம் கிடையாது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.)

இங்கே அதே வீட்டுக்குப் போகக்கூடியது 15 லட்சம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ஜனங்கள் ரெரா என்று சொல்லும் சட்டம், ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று கட்டுமான நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகிறது. விளம்பரத்தில் பொய் சொல்லியிருந்தாலோ, குறித்த காலத்தில் வீட்டை ஒப்படைக்கத் தவறினாலோ, வட்டியுடன் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையையும் அளிக்கிறது. ஆனால் நிறுவனத்தின்மீது குற்றம் இல்லாமல், வாங்குபவரே மனம் மாறி விலகினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. விலை சரிந்ததென்று விலகியவர்கள் சம்பந்தமான வழக்கொன்றில் 2025 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விலையில் 20 சதவீதத்தைப் பறிமுதல் செய்யலாம் என்ற ஒருதலைப்பட்சமான நிபந்தனையை ஏற்காமல், 10 சதவீதத்தோடு நிறுத்தியது. அது ஓரளவு நியாயமே என்றாலும், அந்தப் பத்தே ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு அல்லவா?

இதிலும் நம் பகுதிக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் எழும்பும் கட்டடமோ, எட்டு வீடுகளுக்கு மேற்படாத கட்டடமோ ரெராவில் பதிவாக வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு கிரவுண்டு என்பது சுமார் 446 சதுர மீட்டர். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பழைய தனி வீட்டை இடித்து எழுப்பப்படும் அடுக்குமாடிகளில் எத்தனையோ இந்த அளவுக்குள் அடங்கிவிடுகின்றன. பழைய பிளாட்டை உரிமையாளரிடமிருந்தே வாங்குபவர்களையோ 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும்தான் ஆளுகின்றன. பதிவு செய்யாத ஒப்பந்தம்தானே என்று அலட்சியமாக இருப்பதற்கும் இடமில்லை: தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டிருந்தும், பதிவாகாத ஒப்பந்தத்தையும் அதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

சம்மதம் பெறப்படும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, பனகல் பார்க்கை அடுத்த ஒரு தெரு; கணவர் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்க்கிறார், மனைவி அடுக்களை எந்தத் திசை பார்க்கிறது என்று கவனிக்கிறார். "ஆடி பிறக்க நாலு நாள்தான் சார் இருக்கு, சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வராங்க, ஒரு டோக்கன் போட்டு வச்சிடுங்க" என்கிறார் தரகர். வெற்றிலைபாக்குத் தட்டில் ஒரு லட்சம் வைக்கப்படுகிறது. ஒரு வெள்ளைத்தாளில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, "மேற்படி வீட்டின் கிரயத்துக்கு அட்வான்ஸ்" என்று ஒற்றை வரி எழுதி, உரிமையாளர் கையொப்பமிடுகிறார். பத்திரங்கள் சரியில்லை என்றால் என்ன, வங்கி கடன் மறுத்தால் என்ன என்று அந்த வரி எதுவுமே சொல்வதில்லை. பின்னால் தகராறு வந்தால் அத்தொகை ஒப்பந்தத்துக்கு உறுதியாகத் தந்த பணமா, விலையின் ஒரு பகுதியா என்று நீதிமன்றம் ஆராய நேரும். முன்னதென்றால், வாங்குபவர் தவறியதற்காக அதைப் பறிமுதல் செய்யலாம் என்பது 2012-இல் உறுதிப்படுத்தப்பட்ட சட்டம்.

அவசரமாகத் தரப்பட்ட அந்தச் சம்மதத்தை ஒரு வாரப் பரிசீலனை எவ்வளவோ மாற்றக்கூடும். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் தெரியும். பதிவாகாத பாகஸ்தரின் உரிமை தெரியாது. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலுக்குச் சொந்தமான நிலங்கள் ஏராளமாக உண்டு. மனை கோயிலுடையதா என்பதை மூலப் பத்திரங்களைப் படித்த வக்கீல்தான் சொல்ல முடியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைத் தெரு ஒன்றில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை எதிர்வீட்டுக்காரர் சொல்வார், தரகர் சொல்லமாட்டார்.

ஆகவே, ரெரா விதிகளிலுள்ள மாதிரி ஒப்பந்தத்தில் ஒரு வார விலகல் உரிமையைச் சேர்க்கவும், பழைய வீடுகளின் விற்பனைக்கும் அதை விரிக்கவும் சர்க்கார் முன்வர வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம். அதுவரை அந்த அவகாசத்தை வாங்குபவர் தாமே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இருதரப்பும் சம்மதித்து எழுதும் நிபந்தனைக்குச் சட்டத்தில் தடையில்லை. டோக்கன் ரசீதில் இவ்வளவு எழுதினால் போதும்: "இன்று முதல் 15 நாட்களுக்குள் வாங்குபவர் பத்திரங்களைப் பரிசீலித்து, திருப்தி ஏற்படாவிட்டாலோ, வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ, இத்தொகை முழுவதையும் ஏழு நாட்களுக்குள் திருப்பித் தருகிறேன். அதுவரை வேறொருவருக்கு விற்கமாட்டேன்." இதில் கையொப்பமிட மறுக்கும் உரிமையாளரிடம், ஆடி பிறந்தாலும் சரி, இன்னொரு பார்ட்டி வாசலிலேயே நின்றாலும் சரி, டோக்கன் கொடுக்காதீர்கள்.