தானாக மூடாத கதவு கல்லாவில் விழுந்த ஓட்டை

அரிசி, பருப்பு, எண்ணெய் விலை பற்றி இந்தப் பக்கங்களில் எவ்வளவோ எழுதுகிறோம். கடையின் மூலையில் இரவும் பகலும் கரண்ட் குடித்துக்கொண்டு நிற்கும் பிரிட்ஜைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதிலும் அதன் கதவைப் பற்றி நினைப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் சில்லறைக் கடையில் இன்று பால், தயிர், மாவு, குளிர்பானம், ஐஸ்கிரீம் எல்லாம் அந்தக் கதவை நம்பித்தான் இருக்கின்றன.

சேலம் செவ்வாய்பேட்டையிலிருந்து சேர்வராயன் மலைக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகள் நாங்கள். ஏற்காடு, கரடியூர் பக்கத்துக் கடைகளுக்கு வசூலுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. கண்ணாடிக் கதவுக் கூலர் நிற்கும். அதன் கதவை ஒரு ரப்பர் பட்டையோ சணல் கயிறோ இழுத்துப் பிடித்திருக்கும். சில கடைகளில் கதவுக்கு முன்னால் சோடா கிரேட் முட்டுக் கொடுத்து நிற்கும். கேட்டால், "கதவு தானா மூட மாட்டேங்குதுங்க, மெக்கானிக் சேலத்திலிருந்து வரணும்" என்பார்கள். கயிறு கட்டி ஆறு மாதம் ஆகியிருக்கும்.

அந்தக் கயிற்றுக்கு நாம் எவ்வளவு விலை கொடுக்கிறோம், கதவின் கோளாறை நாமே கண்டுபிடிப்பது எப்படி, ஸ்பிரிங்கை மாற்றுவது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

மலையில் ஏன் அதிக நஷ்டம்?

"குளிர் ஊரில் பிரிட்ஜ் கதவு கொஞ்சம் திறந்திருந்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமக்குப் போர்வை தேவைப்படும் குளிர், பாலுக்குப் போதாது. பாக்கெட் பால் 5 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். ஐஸ்கிரீம் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் இருக்க வேண்டும். வெளியே 18, 20 டிகிரி என்பது மனிதனுக்குச் சுகம். பாலைத் திரிய வைக்கும் கிருமிக்கும் சுகம்தான்.

இரண்டாவது காரணம் மூடுபனி. மலைக்காற்றில் ஈரம் அதிகம். கதவு விரற்கடை திறந்திருந்தாலும் அந்த ஈரக்காற்று உள்ளே போகிறது. குளிர்ந்த தகட்டில் பட்டுப் பனிக்கட்டியாகப் படிகிறது. பனி தடித்தால் குளிர் பரவாது. குளிர் பரவாவிட்டால் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும். கண்ணாடி வேர்க்கும், பாட்டில் லேபிள் உரியும், அட்டைப்பெட்டி ஊறும். இவை எல்லாவற்றையும் கண்டு "கேஸ் போய்விட்டது" என்று முடிவு கட்டி, கேஸ் நிரப்பப் பணம் கொடுப்பவர்கள் உண்டு. கோளாறு கதவில் இருக்கும்போது எத்தனை முறை கேஸ் நிரப்பினாலும் பலன் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 வாட் கம்ப்ரசர், கதவுச் சந்தால் தினம் 6 மணி நேரம் கூடுதலாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1.8 யூனிட். இரண்டு மாத பில்லில் 108 யூனிட். உங்கள் கடை மின்கட்டண விகிதத்தால் அதைப் பெருக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: தினம் 40 அரை லிட்டர் பால் பாக்கெட் விற்று, பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் நிற்கிறது, பாக்கெட் விலை 25 ரூபாய் என்று கொள்வோம். ஒரு நாள் ஐந்து பாக்கெட் திரிந்தால் 125 ரூபாய். மூன்று நாள் லாபம் முழுதாகப் போய்விட்டது.

பணத்தோடு இது முடிவதில்லை. எஸ்டேட் பக்கத்துச் சிற்றூர்களில் குழந்தைக்குப் பால் வாங்க அந்த ஒரு கடைதான் இருக்கும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இல் வந்து, 2011 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கிறது. சுகாதாரமற்ற முறையில் வைத்திருந்து விற்ற பொருளுக்கு விற்றவரே பொறுப்பு என்று அதன் 27-ஆவது பிரிவு சொல்கிறது. "கூலர் சரியில்லை" என்பது அங்கே பதிலாகாது.

கதவு எப்படித் தானாக மூடுகிறது?

பழைய காலத்துப் பிரிட்ஜ்களில் கதவுக்குக் கொக்கித் தாழ் இருந்தது. உள்ளே புகுந்து விளையாடிய குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத் திணறி இறந்த சம்பவங்களால், அமெரிக்காவில் 1956-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும்படி வீட்டுப் பிரிட்ஜின் கதவு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தாழ் போய், ரப்பர் பட்டைக்குள் காந்தம் வைக்கும் முறை பரவியது.

காந்தம் கடைசி ஓர் அங்குலத்தில்தான் பிடிக்கும். அதுவரை கதவைக் கொண்டுவந்து சேர்க்க வேறு ஏதாவது வேண்டும். வீட்டுப் பிரிட்ஜில் கீழ்க் கீலின் சரிவும், பெட்டி சற்றே பின்பக்கம் சாய்ந்து நிற்பதும் அதைச் செய்கின்றன. கடைக் கூலரின் கண்ணாடிக் கதவு கனமானது. அதைத் தள்ளிவர கீலிலோ கதவுச் சட்டத்துக்குள்ளோ முறுக்கு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். மேல்மூடி ஐஸ்கிரீம் பெட்டியில் ஸ்பிரிங்குக்கு வேறு வேலை: தூக்கிய மூடி தலையில் விழாமல் தாங்குவது.

தினம் 200 முறை திறக்கும் கதவு ஆண்டுக்கு 73,000 முறை திறக்கிறது. மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் இதுவும் போதாது. அத்தனை முறை முறுக்கி விட்ட கம்பி தளர்வதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு மலை ஈரத்தில் துருவும் ஏறுகிறது.

கோளாறு எங்கே? நான்கு சோதனைகள்

ஸ்பிரிங் வாங்க ஓடுவதற்கு முன் இந்த நான்கையும் வரிசையாகப் பாருங்கள். வரிசை முக்கியம்.

ஒன்று, மட்டம். கொத்தனாரின் ரசமட்டத்தைக் கூலர் மேல் வையுங்கள். மலைக்கடைகளில், கழுவிய நீர் வாசலுக்கு ஓட வேண்டும் என்று தரையைச் சாய்வாகப் போட்டிருப்பார்கள். கூலர் முன்பக்கம் சாய்ந்து நின்றால் புது ஸ்பிரிங்காலும் கதவை மூட முடியாது. முன்கால் திருகுகளைச் சுற்றி முன்பக்கத்தை இம்மியளவு உயர்த்துங்கள். பல கடைகளில் வேலை இதோடு முடிந்துவிடும், செலவும் இல்லை.

இரண்டு, ரப்பர் பட்டை. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடித்து இழுத்து வந்தால் பட்டை நன்றாக இருக்கிறது. வழுக்கி வந்தால் அந்த இடத்தில் சந்து இருக்கிறது. சுற்றிலும் பத்து, பன்னிரண்டு இடங்களில் இப்படிப் பாருங்கள். பாதி நேரம் காரணம் அழுக்குதான். சிந்திய பாலும் சர்க்கரைப் பாகும் காய்ந்து மேடு தட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள். பட்டை மடங்கியிருந்தால் வெந்நீர்த் துணியை ஒற்றி நீவி விடுங்கள். கிழிந்திருந்தால் பட்டையைத்தான் மாற்ற வேண்டும்.

மூன்று, கீல். கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். லொட லொடவென்று ஆடினால் கீல் ஆணியோ அதன் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. கதவின் அடிப்பக்கம் சட்டத்தில் உரசிய கோடு தெரிந்தாலும் இதே காரணம்தான்.

நான்கு, ஸ்பிரிங். மேற்சொன்ன மூன்றும் சரியாக இருந்தால் கதவைப் பாதி திறந்து மெதுவாக விடுங்கள். நல்ல ஸ்பிரிங் என்றால் கதவு நிதானமாக வந்து 'டப்' என்று ஒட்டும். நான்கு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டு, விரலால் தள்ளினால் மட்டும் ஒட்டுகிறது என்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. எங்கே விட்டாலும் அங்கேயே நின்றால் ஸ்பிரிங் முறிந்துவிட்டது, அல்லது இடத்தை விட்டு நழுவிவிட்டது.

மாற்றுவதற்கு முன்

முதலில், கூலர் யாருடையது என்று பாருங்கள். குளிர்பானக் கம்பெனி கொடுத்த கூலராக இருந்தால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பழுது பார்ப்பது அவர்கள் பொறுப்பாக இருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம். வாயால் சொல்வதோடு விடாமல் புகாரை எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். சரியாகும் வரை பால், தயிரை அதில் வைக்காதீர்கள்.

சொந்தக் கூலரில் தளர்ச்சி குறைவாக இருந்தால், பல மாடல்களில் கீழ்க் கீலில் முறுக்கைக் கூட்டும் திருகு அல்லது நட் இருக்கும். கால் சுற்றுச் சுற்றி மறுபடி சோதியுங்கள். ஓரிரு முறை கூட்டியும் சில வாரங்களில் மீண்டும் தளர்ந்தால் கம்பியின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

மாற்றும் முறை

1. பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

2. ஆள் துணை வேண்டும். இரட்டைக் கண்ணாடிக் கதவு கனமானது; ஒருவர் கதவைத் தாங்க, ஒருவர் கழற்ற வேண்டும். கதவுக்கு அடியில் மரக்கட்டை அண்டக் கொடுங்கள்.

3. கீல் இருக்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் எந்தத் திசையில் சுற்றியிருக்கிறது, முனைகள் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பதைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. முறுக்குத் திருகைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, முறுக்கு முழுதும் இறங்கிய பிறகே கீலைக் கழற்றுங்கள். முறுக்கோடு இருக்கும் கம்பி தெறித்தால் கண் போய்விடும். கண்ணாடி அணிந்து, கீல் மேல் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு கழற்றுவது நல்லது. மேல்மூடிப் பெட்டிக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. மூடியிருக்கும்போதுதான் அதன் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும். மூடியை முழுதாகத் திறந்து, ஒருவர் பிடித்துக்கொண்ட பிறகே கீலில் கை வைக்க வேண்டும்.

5. சில கூலர்களில் விளக்கு ஒயரோ, கண்ணாடி வேர்க்காமலிருக்கும் சூடேற்று ஒயரோ கீல் வழியாகப் போகும். அப்படி ஒயர் கண்டால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

6. பழைய ஸ்பிரிங்கையே மாதிரியாகக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கம்பித் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, நீளம், முனைகளின் வளைவு ஐந்தும் ஒத்திருக்க வேண்டும். வலப்பக்கக் கீலுக்கும் இடப்பக்கக் கீலுக்கும் முறுக்குத் திசை மாறும். தப்பான திசையில் வாங்கினால் மாட்டவே முடியாது. கூலரின் மாடல் எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள்.

7. புது ஸ்பிரிங்கை மாட்டி, பென்சில் கோட்டுக்கு நேராகக் கீலைப் பொருத்துங்கள். முறுக்கைக் கால் கால் சுற்றாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் கதவை விட்டுப் பாருங்கள். நிதானமாக வந்து ஒட்டும் இடத்தில் நிறுத்துங்கள். 'படார்' என்று அடித்தால் முறுக்கு அதிகம். அதனால் கண்ணாடி விரியும், குழந்தைகளின் விரல் நசுங்கும்.

8. கடைசியாக நோட்டுச் சோதனையை மீண்டும் ஒரு சுற்று செய்துவிட்டுப் பிளக்கை மாட்டுங்கள்.

தளர்ந்த ஸ்பிரிங்கை வெட்டிச் சிறிதாக்குவதும், இழுத்து நீட்டி மாட்டுவதும் வேண்டாம். ஒரு வாரத்துக்குக்கூடத் தாங்காது.

கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கமும் மலையில் ஆகாது. 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். ஏற்காட்டில் காலையில் பாட்டிலில் கட்டியாக நிற்கும் எண்ணெய் கீலிலும் அப்படித்தான் நின்று, கதவை இன்னும் இறுக்கும். கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும்.

மலைக் கடைக்கு ஒரு யோசனை

கீழே சமவெளியில் இருக்கும் கடைக்காரர் மெக்கானிக்குக்குப் போன் போட்டால் சாயங்காலம் வந்துவிடுவார். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருப்பவருக்கு அப்படி இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி நாளில் சரக்கும் ஏறாது, மெக்கானிக்கும் ஏற மாட்டார். கரண்ட் போய் வரும் நேரத்தில் உள்ளிருக்கும் குளிரைக் காப்பது இறுக மூடிய கதவு ஒன்றுதான்.

ஆகவே கரடியூர் போன்ற ஊர்களில் நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். தங்கள் கூலர்களுக்குப் பொருந்தும் ஸ்பிரிங் ஒன்றிரண்டு, ஒரு ரசமட்டம், ஒரு செட் ஸ்பேனர், ஒரு தெர்மாமீட்டர் ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி ஒரு கடையில் வைத்துக்கொள்வது. சரக்கு அனுப்பும் எங்களிடம் பழைய ஸ்பிரிங்கைக் கொடுத்துவிட்டால் அடுத்த லோடில் மாதிரி பார்த்து வாங்கி அனுப்பவும் மொத்த வியாபாரிகளால் முடியும். பெரிய உதவி இல்லைதான், ஆனால் சில்லறைக் கடை நின்றால்தான் எங்கள் மண்டியும் நிற்கும்.

மாதம் ஒருநாள், அமாவாசை அன்று கடையைக் கழுவும்போது, கூலர் கதவையும் திறந்து விட்டுப் பாருங்கள். கீலைத் துடையுங்கள், நோட்டை வைத்து இழுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. கயிறு கட்டியிருக்கும் கடைக்காரர்கள் இந்த வாரமே அதை அவிழ்த்துவிட்டு, முதல் சோதனையான மட்டத்திலிருந்து தொடங்குங்கள்.