பெயர் எழுதாத மருந்துக் குப்பி: நாம் கேட்க வேண்டியவை, நமக்குக் கிடைக்க வேண்டியவை

தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம், கோட்டாறு என்று குமரி மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு வைத்தியசாலை கண்ணில் படும். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் இது. சித்தமும் ஆயுர்வேதமும் வர்மமும் இங்கே அடுத்தடுத்த தெருக்களில் வளர்ந்தன. ஆங்கில மருத்துவத்தில் கம்பவுண்டர் கலக்கித் தந்த மிக்சரின் காலம் போய்விட்டது. ஆனால் வைத்தியர் தாமே இடித்து, சலித்து, காய்ச்சி, இன்ன நோயாளிக்கு என்று தரும் சூரணமும் தைலமும் லேகியமும் இன்றும் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. அவற்றில் பலவும் பெயர் எழுதாத குப்பியிலும் காகிதப் பொட்டலத்திலும்தான் வருகின்றன.

வைத்தியர் இப்படித் தாமே மருந்து செய்து தருவதைச் சட்டமும் அனுமதிக்கிறது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளை விற்பனைக்காகத் தயாரிப்பவர் உரிமம் பெற வேண்டும் என்கிறது 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். அதன் 33இஇசி பிரிவு, தம்மிடம் சிகிச்சை பெறும் நோயாளிகளுக்காக மருந்து செய்யும் வைத்தியர்களுக்கு விலக்கு அளிக்கிறது. மரபைக் காப்பாற்றும் நல்ல விலக்கு இது. ஆனால் அந்த மருந்தால் தீங்கு வந்தால் எதைப் பிடித்து விசாரிப்பது?

2025 அக்டோபரில் தமிழ்நாடு கண்ட துயரத்தை நினைத்துப் பாருங்கள். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பான் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த மருந்தில் 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு காட்டியது. உரிமம் பெற்ற ஆலையிலேயே இந்த அநியாயம் நடந்தது. என்றாலும் புட்டியில் எஸ்ஆர்-13 என்ற தொகுதி எண் இருந்தது. அதை வைத்து மற்றப் புட்டிகளைத் தேடவும், விற்பனையை நிறுத்தவும், உரிமத்தை ரத்து செய்யவும் முடிந்தது. பெயர் எழுதாத குப்பியில் இதில் எதற்குமே வழியில்லை.

என்ன ஆபத்து?

முதல் ஆபத்து, மறைத்துக் கலக்கப்படும் ஸ்டீராய்டு. மூட்டுவலி, ஆஸ்துமா, தோல் நோய் ஆகியவற்றுக்கான பொடிகளில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்றவற்றைப் பொடித்துச் சேர்ப்பவர்கள் உண்டு. பல வருட வலி இரண்டே நாளில் பறந்துபோகும். பிறகு முகம் உப்பும், எடை கூடும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பலமிழக்கும். பல வாரம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து.

இரண்டாவது, கன உலோகங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில், 14 தயாரிப்புகளில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. மூலிகை மருந்தில் ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கு, ஆர்செனிக் 3 பங்கு, பாதரசம் 1 பங்கு, காட்மியம் 0.3 பங்கு வரை இருக்கலாம் என்பது இந்தியா ஏற்றுள்ள வரம்பு. பற்பம், செந்தூரம் போன்ற மருந்துகளில் உலோகத்தை முறைப்படி புடமிட்டுச் சேர்ப்பது வேறு விஷயம். அந்தச் சுத்திமுறை பிசகினாலோ, மூலிகைச் சூரணத்துக்குள் உலோகம் நுழைந்தாலோதான் கவலை.

ஒளியைக் கொண்டு சோதிக்கும் கருவி

இன்று கையில் பிடிக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்ட நிறமாலைக் கருவிகள் மருந்துச் சோதனைக்கு வந்திருக்கின்றன. திருச்சிக்காரரான சர் சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறிந்த விளைவுதான் அவற்றில் ஒன்றுக்கு அடிப்படை. லேசர் ஒளி ஒரு பொருளின் மீது பட்டுச் சிதறும்போது, அதில் ஒரு சிறு பங்கு மட்டும் நிறம் மாறுகிறது. அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். கருவி அதைத் தன்னிடமுள்ள பதிவுகளோடு ஒப்பிட்டு, இது இன்ன பொருள் என்று சில நொடிகளில் சொல்லும். மெல்லிய பிளாஸ்டிக் உறை வழியாகவும் பார்க்கலாம். மருந்தைப் பிரிக்க வேண்டியதில்லை. போலி மருந்தைப் பிடிக்க நைஜீரிய அரசு இந்தக் கருவியைக் களத்தில் இறக்கியது. எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி இன்னொன்று. ஈயம், பாதரசம் போன்ற தனிமங்களை அது நிமிடக் கணக்கில் காட்டும். பாஸ்டன் ஆய்வில் உலோகங்களை அளந்ததும் இந்த முறையில்தான்.

இவற்றின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். கறுத்த கஷாயமும் லேகியமும் லேசர் பட்டதும் தாமே ஒளிரும். ராமன் கருவி தேடும் மெல்லிய குறி அந்த ஒளியில் மூழ்கிப்போகும். 5 கிராம் பொடியில் அரை மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்றால் அது 0.01 சதவீதம்தான், இவ்வளவு சிறிய அளவைக் கைக்கருவி தவறவிடும். எக்ஸ்-கதிர்க் கருவி பாதரசம் இருப்பதைச் சொல்லும், அது எந்தச் சேர்மமாக இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஈயம் மிகுந்த மருந்தில் ஆர்செனிக்கின் அளவும் தெளிவாகத் தெரியாது. இரண்டின் குறிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆகவே கைக்கருவியால் சந்தேகத்தை எழுப்ப முடியும். முடிவைச் சொல்ல வேண்டியது ஆய்வகம். ‘கருவி ஒன்றும் காட்டவில்லை’ என்பதை ‘மருந்து நல்லது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான எல்லை, இந்தக் கருவிகள் ஒப்பிட்டுத்தான் பேசும் என்பது. குப்பியில் என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான், இருக்கக் கூடாதது எது என்று கேட்க முடியும். எனவே சோதனைக்கு முன்னால் தேவைப்படுவது, மருந்தில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

நம் உரிமைகள்

வைத்தியருக்கான விலக்கு அவருடைய சொந்த நோயாளிகளுக்கு மட்டுமே. அதே மருந்து கடையிலோ தபாலிலோ விற்கப்பட்டால் உரிமம் வேண்டும். உரிம எண், தொகுதி எண், தயாரிப்பாளர் முகவரி, சேர்மானப் பட்டியல் எல்லாம் மேலுறையில் இருக்க வேண்டும். மருந்தில் கலப்படம் செய்வது யாராக இருந்தாலும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 276-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது.

மருந்துக்கடையில் வாங்கிய ஆங்கில மருந்தில் சந்தேகம் என்றால், 1940 சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறலாம். இந்த வசதி பலருக்குத் தெரியாமலே கிடக்கிறது.

பணம் கொடுத்துப் பெற்ற மருந்தாலும் சிகிச்சையாலும் பாதிப்பு நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நாம் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுக் கட்டணம் இல்லை.

செய்ய வேண்டியவை

1. வைத்தியரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மருந்தின் பெயர், சேரும் பொருட்கள், செய்த தேதி, எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல வைத்தியர் தயங்க மாட்டார்.

2. முகம் வீங்குதல், சர்க்கரை ஏறுதல், விடாத வயிற்றுவலி, ரத்தசோகை, குழந்தைக்குச் சிறுநீர் குறைதல் என்று எது கண்டாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ உடனே போங்கள். சாப்பிட்ட நாட்டு மருந்தை மறைக்காதீர்கள். ஸ்டீராய்டு என்று சந்தேகம் இருந்தால் மருத்துவர் சொல்லும் விதத்தில்தான் நிறுத்த வேண்டும்.

3. மீதி மருந்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல், அதே குப்பியில் மூடி, தேதி எழுதி வையுங்கள். அதுதான் சாட்சி.

4. சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடமும், ஆங்கில மருந்து என்றால் மருந்து ஆய்வாளரிடமும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024, நுகர்வோர் உதவிக்கு 1915. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.

அரசிடம் ஒரு கோரிக்கை

கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும், முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும் உள்ள மாவட்டம் இது. இங்கே ஒரு ராமன் கருவியும் ஓர் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியும் வைத்து, பொதுமக்களும் வைத்தியர்களும் மருந்தைக் கொண்டுவந்து காட்ட மாதம் ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும். சந்தேகம் எழுந்த மாதிரி அங்கிருந்தே சென்னையிலுள்ள மருந்துச் சோதனை ஆய்வகத்துக்குப் போக வேண்டும். வாங்கிவரும் சரக்கைக் காய்ச்சுவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க வைத்தியருக்கும் இது உதவும். நேர்மையாகத் தொழில் செய்பவரைக் கலப்படக்காரரிடமிருந்து பிரித்துக் காட்டும் சான்று அவருக்கு இதில் கிடைக்கும். கருவி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சீட்டு கேட்பதை அடுத்த முறை மருந்து வாங்கும்போதே தொடங்கிவிடலாம்.